காரை உருட்டிக்கொண்டிருந்த சின்னவன்

எல்லாருக்கும் வணக்கம்.

அடுக்களையில் அப்பாவும் அம்மாவும் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவள் ஓடிவந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விசும்புகிறாள். சின்னவன் தரையில் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே இருக்கிறான். "அவள் தொட்டாற்சிணுங்கி, இவனுக்கு ஒன்றும் உறைக்காது." இது என் வீட்டில் நான் சொன்ன பேச்சு. பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் டேவிஸ் குழு, 2 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பயந்து ஒதுங்கும் சுபாவத்தைப் புறா என்றும், துணிந்து மோதும் சுபாவத்தைப் பருந்து என்றும் பிரித்தார்கள். உடம்பு பதறும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை எச்சிலிலேயே அளந்துவிடலாம். பெற்றோர் சண்டை கடுமையான வீடுகளில், புறாக்களுக்கு அது எகிறியது. அதில் ஆச்சரியமில்லை. பருந்துகளுக்கோ அது எழும்பாமல் மழுங்கிப்போயிருந்தது! பாதிப்பே இல்லை என்றால் மாற்றமும் இருந்திருக்காதே. இதே குழுவின் வேறோர் ஆய்வில், கார்ட்டிசால் மழுங்கிய குழந்தைகளிடம் பின்னாளில் அடம், அடிதடி கூடியதையும் பார்த்தார்கள். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குச் சின்னவன் முகம் நினைவுக்கு வந்தது. அவன் காரை உருட்டினானே தவிர, ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரி, குழந்தை தூங்கியபின் சண்டை போட்டால்? ஓரிகன் பல்கலைக்கழகத்தில் தூங்கும் கைக்குழந்தைகளுக்குக் கோபக் குரலை ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். 6 முதல் 12 மாதக் குழந்தைகள். 2013இல் வந்த ஆய்வு. சண்டை அதிகமான வீட்டுக் குழந்தைகளுக்கு, பதற்றத்தைக் கையாளும் பகுதிகள் தூக்கத்திலேயே கூடுதலாகத் துடித்தன. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சண்டையே போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது யாராலும் முடியாது. நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்க் கம்மிங்ஸ் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது, சண்டை சமாதானத்தில் முடிவதைப் பார்த்தால் பிள்ளையின் கலக்கம் நன்றாகக் குறைகிறது என்று. சமாதானம் கதவுக்குப் பின்னால் நடந்திருந்தால்கூட, பிறகு அதை எடுத்துச் சொன்னால் போதும். நாம் என்ன செய்கிறோம்? சண்டையைக் கூடத்தில் போடுகிறோம், சமாதானத்தை அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். இல்லையென்றால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

இப்போதெல்லாம் சண்டை தீர்ந்ததும் நாங்கள் இருவரும் பிள்ளைகளிடம் போய்ச் சொல்கிறோம். பெரியவளுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். சின்னவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அப்பாவும் அம்மாவும் பேசிட்டோம்டா" என்பேன். முதல் தடவை அவன் பதில் சொல்லவில்லை. காரை என் பக்கம் உருட்டிவிட்டான்.