சேனலை வாங்கிவிட்டு அப்புறம் பெட்டியை வெட்டுங்கள்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிற மேஜைக்கு இன்றைக்கு மூன்று டிராயர் மாட்டப்போகிறேன். மாட்டுவதற்கு முன்னால், முதல் டிராயரில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது ஒரு பிளைவுட் துண்டை மிச்சப்படுத்துங்கள்.

இதோ, இதுதான் டெலஸ்கோபிக் சேனல், டிராயர் உள்ளேயும் வெளியேயும் ஓடுவதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுகிற தண்டவாளம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தகடு, இடையில் குண்டு குண்டாக பால் பேரிங், உயரம் 45 மி.மீ. டிராயர் பெட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை இன்ச் இடம் கேட்கும். சரி, மேஜையின் உள் அகலம் 400, அதில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 26 கழித்தால் 374, பெட்டியை 374-க்கு வெட்டிப் பசை போட்டு இறுக்கிக் காயவும் வைத்தாயிற்று. அதற்கப்புறம்தான் மேஜைக்குள்ளே 0.8 மி.மீ. லைனர் மைக்கா, அதாவது உள்பக்கத்தை மூடும் மெல்லிய தகடு, ஒட்டினேன். இரண்டு பக்கமும் மைக்கா, அதற்கடியில் பசை, எல்லாம் சேர்ந்து 2 மி.மீ. தின்றுவிட்டது. டிராயர் பாதி வரை வந்து நின்றுவிட்டது, உள்ளே தள்ளினால் மேஜையே நகர்ந்தது!

பெட்டி சின்னதாகப் போனால் கவலையே இல்லை, சேனலுக்குப் பின்னால் ஒரு மைக்கா துண்டைச் சொருகினால் முடிந்தது. பெரிதாகப் போனால்தான் அழுகை. நான் கடைசியில் டிரிம்மரை, அதாவது மரத்தில் பள்ளம் எடுக்கிற கை மெஷினை எடுத்து, பெட்டியின் இரண்டு பக்கத்திலும் சேனல் உட்காரும் இடத்தில் மட்டும் 1 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துத் தப்பித்தேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் சேனல் மறைத்துவிடும். மற்ற இரண்டு பெட்டியையும் மைக்கா ஒட்டிய பிறகு, முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக அளந்து, குறைவான அளவை வைத்து வெட்டினேன்.

எந்த சேனல் வாங்குவது? வெள்ளை நிறத்தில் சக்கரம் வைத்த ரோலர் சேனல் விலை குறைவு, ஆனால் டிராயர் முழுசாக வெளியே வராது, பின்னால் கிடக்கிற பொருளைக் கைவிட்டுத் துழாவவேண்டும். துணி, பேப்பர் வைக்க அது போதும். அண்டர்மவுண்ட் அழகு, டிராயருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், ஆனால் அதன் கணக்கே வேறு. பெட்டியின் உள் அகலத்துக்குக் கழிக்கவேண்டிய அளவு, பின்பக்க வெட்டு என்று நிறைய இருக்கிறது, முதல் மேஜைக்கு வேண்டாம். என் மேஜையின் ஆழம் 500, அதனால் 18 இன்ச், அதாவது 450 மி.மீ. சேனல் எடுத்தேன். கடையில் முழுசாக இழுத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், அட்டையில் 45 கிலோ என்று போட்டிருந்தால் அது ஒரு ஜோடிக்கு, ஒன்றுக்கு 45 என்று இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்.

மாட்டும்போது டேப்பை நம்பாதீர்கள். நான் பிளைவுட்டில் ஒரு துண்டு வெட்டி, மேஜைக்குள் நிற்கவைத்து, அதன் மேல் சேனலை உட்காரவைத்து ஸ்க்ரூ போடுகிறேன். அதே துண்டு அந்தப் பக்கமும். அளவு கொஞ்சம் தப்பாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தப்பாக இருக்கும், டிராயர் கோணாது. மேல் டிராயரில் ஆரம்பித்தால் அதே துண்டைக் குட்டையாக வெட்டி அடுத்ததுக்கும் பயன்படுத்தலாம்.

முதலில் நீள ஓட்டைகளில் மட்டும் ஸ்க்ரூ போடுங்கள். டிராயரை மாட்டி, ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகுதான் வட்ட ஓட்டைக்குப் போகவேண்டும். என் பெட்டி 12 மி.மீ. பிளைவுட், அதனால் அரை இன்ச் ஸ்க்ரூ. கையில் இருக்கிறதே என்று முக்கால் இன்ச் போட்டால் முனை உள்ளே நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். தலை தட்டையாக இருக்கட்டும், தூக்கிக்கொண்டு நின்றால் ஓடுகிற தகடு அதில் உரசும்.

உள் தகட்டைக் கழற்ற இந்தக் கறுப்பு நெம்புகோல் இருக்கிறதே, ஒரு பக்கம் மேலே தூக்கவேண்டும், மறுபக்கம் கீழே அமுக்கவேண்டும். பத்து நிமிடம் இரண்டையும் கீழேயே அமுக்கிக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது குண்டுகளைப் பிடித்திருக்கும் பேரிங் கூட்டை முன்னால் இழுத்துவைத்துவிட்டு நேராகச் செலுத்துங்கள், அவசரத்தில் இடித்தால் குண்டெல்லாம் தரையில் உருளும்.

சரி, இப்போது இரண்டாவது டிராயரை மாட்டுகிறேன், மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன், சத்தத்தைக் கேளுங்கள்.