கடல் முழுக்க உப்பில்லை

வணக்கம் வானொலி நேயர்களே. திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் போய்வருகிற உங்களுக்கு உப்பளம் புதினமில்லை. பாத்தியில் கடல்தண்ணி காய்கிறது, உப்பு விளைகிறது, இதில் கதைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பத்து வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை. ஒரு போத்தல் கடல்தண்ணியை அம்மம்மாவின் மண்சட்டியில் ஊற்றி, சொட்டுத் தண்ணி இல்லாமல் வற்றக் காய்ச்சினேன். அடியில் வெள்ளைத் தூள். நாக்கில் வைத்தால் ஒரே கைப்பு! விடியப் பார்த்தால் தூள் ஈரம் கசிந்து களியாய்க் கிடக்கிறது. அம்மம்மா சிரித்தா. "கடல் முழுக்க உப்பில்லையடா தம்பி. கைக்கிற தண்ணியை ஆர் ஊத்திறது?"

அதற்குப் பிறகு எந்த உப்பளத்தைக் கண்டாலும் நான் தேடுவது அந்தக் கைப்புத் தண்ணியைத்தான்.

ஒரு லீற்றர் கடல்தண்ணியில் கரைந்திருப்பது ஏறக்குறைய 35 கிராம். அதில் நம்முடைய கறியுப்பு 27 கிராம் வரும். மிச்சம் வேறு சரக்குகள். எல்லாம் ஒன்றாய் இறங்காது, வரிசையில்தான் இறங்கும். தண்ணி வற்றிக் கால்வாசியாகும்போது ஜிப்சம் என்கிற சுண்ணாம்புச் சரக்கு படியும். அது உப்போடு கலக்காமல் இருக்கத்தான் ஒரே பாத்தியில் வைக்காமல் பாத்தி மாற்றிப் பாத்தி விடுகிறார்கள். பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். இனித்தான் கவனம்: கடைசிவரை வற்ற விடக்கூடாது! மிஞ்சிய தண்ணியில் மக்னீசியம் திரண்டு நிற்கும். கைப்பும் அதுதான், காற்றில் ஈரம் இழுப்பதும் அதுதான். அதைத் திறந்துவிட்டுவிட்டு உப்பை வார வேண்டும். நான் சட்டியை வற்றவைத்தேனே, அங்கேதான் பிழை விட்டேன்.

வாரிக் குவித்த உப்பிலும் அந்தக் கைப்புத் தண்ணி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அம்மம்மா புது உப்பை ஓலைக் கடகத்தில் போட்டுச் சட்டிக்கு மேலே வைப்பா. சொட்டுச் சொட்டாய் வடியும். உப்பளத்தில் மேடாய்க் குவித்து வைப்பதும் இதே வேலைக்குத்தான்.

கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசுகிற காலம் மட்டும்தான் இந்தக் கணக்கெல்லாம். மழை விழுந்தால் பாத்தியில் விளைந்தது திரும்பக் கரைந்துவிடும். மழையால் விளைச்சல் கெட்டு, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நம் இலங்கை 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியதே, மறந்திருக்க மாட்டீர்கள்.

உலகக் கதைக்கு வருவோம் என்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சுருக்கமாய்: வேறு சில நாடுகளில் உப்பை நிலத்துக்குள் வெட்டி எடுப்பார்கள். அதுவும் எப்பவோ வற்றிப்போன கடல்தான். போலந்தின் வியலிச்கா சுரங்கத்துக்குள் உப்பிலேயே செதுக்கிய தேவாலயம் இருக்கிறது. பாகிஸ்தானின் கேவ்ராவிலிருந்து வருவதுதான் கடையில் 'இமயமலை உப்பு' என்று விற்கிற இளஞ்சிவப்புக் கல். சில இடங்களில் நிலத்துக்குள் தண்ணி இறக்கி, உப்பைக் கரைத்து மேலே எடுத்து, ஆலையில் காய்ச்சுகிறார்கள். அங்கேயும் கடைசித் தண்ணியை... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.