பிளஸ் டூ நடுவே கல்லூரிக் கணக்கு: நான் வரிசையில் சறுக்கிய கதை

வணக்கம். இன்றைக்கு அடுக்களையிலிருந்து பேசுகிறேன். கைபேசியை இயற்பியல் முதல் தொகுதியின்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். அடுப்பில் பருப்பு வேகிறது. மூன்றாவது விசிலில் அணைக்கச் சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போயிருக்கிறார். இடையில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் வகுப்புத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, பிளஸ் டூ பாடத்தோடு கல்லூரிக் கணிதமும் இயற்பியலும் படிக்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?" ஒன்றரை மணி நேரம், தம்பி. சில நாள் அதுவும் கிடையாது. ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்தியது நேரம் அல்ல, எதை முதலில் படிப்பது என்கிற வரிசை.

ஜூலை மாதம் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினேன். ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா), பன்னிரண்டு வாரப் பாடம். சேரக் கட்டணம் இல்லை. பள்ளி மாணவி என்று யாரும் தடுக்கவும் இல்லை. கூடவே நூலகத்தில் எடுத்த கல்லூரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே மின்காந்தவியல். கணிதம் நன்றாகவே ஓடியது. இயற்பியல் மூன்றாம் நாளே படுத்துவிட்டது.

கணிதம் ஏன் ஓடியது என்றால், பாதி வழியை நம் பாடநூலே போட்டுக் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முதல் அத்தியாயத்திலேயே அணித்தரம், ஏறுபடி வடிவம், காஸ் நீக்கல் முறை என்று அணிகளைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் வழிகள் எல்லாம் வந்துவிடுகின்றன. செய்யத் தெரியும், என்ன செய்கிறோம் என்பதுதான் தெரியாது. அதை எனக்குக் காட்டியது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் முதல் வகுப்பு. 2023 மே மாதம் கடைசி வகுப்பை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அவருடைய பழைய வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டே சமன்பாடுகள் எழுதினார். இரண்டு எக்ஸ் கழித்தல் ஒய் சமம் சுழியம். கழித்தல் எக்ஸ் கூட்டல் இரண்டு ஒய் சமம் மூன்று. நாம் உடனே இரண்டு கோடுகள் வரைவோம், (1, 2) என்ற புள்ளியில் வெட்டும், முடிந்தது. அவர் நிரல்களை, அதாவது எண்களை மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொன்னார். (2, -1) ஒரு வெக்டர். (-1, 2) இன்னொரு வெக்டர். முதலாவதில் எத்தனை பங்கு, இரண்டாவதில் எத்தனை பங்கு சேர்த்தால் (0, 3) கிடைக்கும்? ஒன்றும் இரண்டும். சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்கிற கேள்வியேதான். விடை பழையதுதான், ஆனால் அன்றைக்கு நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் விசில்.

இயற்பியலுக்கு வருகிறேன். பள்ளியில் மின்புலத்தைக் கணக்கிட உதவும் காஸ் விதி என்றால் கோளம், உருளை, தளம். அதற்கு மேல் கிடையாது. கல்லூரிப் புத்தகமோ முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் நுண்கணிதம். வெக்டர்தானே, பதினொன்றிலேயே படித்தாயிற்று என்று அதைத் தாண்டிக் குதித்தேன். திமிர், வேறென்ன? இரண்டாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். புள்ளி மின்னூட்டம் ஒன்று. அதைச் சுற்றி ஒரு கோளம் வரைந்தால் வெளியே போகும் மின்பாயம், மின்னூட்டத்தை எப்சிலான் நாட் என்ற மாறிலியால் வகுத்தால் வருவது. இது நமக்குத் தெரியும். ஆனால் அந்த மின்புலத்தின் டைவர்ஜென்ஸை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் புலம் எவ்வளவு ஊறி வெளியேறுகிறது என்ற அளவைக் கணக்கிட்டால் சுழியம் வருகிறது. ஊற்றே இல்லாமல் தண்ணீர் எப்படி வெளியே வழியும்? இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். கணக்கில் தவறில்லை. தொலைவு சுழியமாகும் அந்த ஒரே ஒரு புள்ளியில் சூத்திரம் செல்லாது. மொத்த ஊற்றும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கையாள, எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதைக் குறிக்கும் டிராக்கின் டெல்டா சார்பு வேண்டும். அது எங்கே விளக்கப்பட்டிருந்தது? நான் தாண்டிக் குதித்த முதல் அத்தியாயத்தில்.

இதில் இன்னொரு வேடிக்கை. டைவர்ஜென்ஸுக்குப் பகுதி வகைக்கெழு, அதாவது பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி வகையிடுவது, தெரிய வேண்டும். அது நம் கணிதப் பாடநூலில் எட்டாம் அத்தியாயம், இரண்டாம் தொகுதி. பள்ளியில் நிலைமின்னியல் தொடங்கும் ஜூனில் அந்தத் தொகுதியைப் பிரித்திருக்கக்கூட மாட்டோம். எனவே இயற்பியலை ஆறு வாரம் மூடி வைத்தேன். எட்டாம் அத்தியாயத்தை நானே முன்கூட்டிப் படித்து, பிறகு பரப்புத் தொகையீடு படித்து, அதன் பிறகுதான் திரும்பினேன். இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள், தம்பி. கணிதம் ஓர் ஆறு வாரம் முன்னால் நடக்கட்டும்.

இரண்டாவது விசில். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. என்பிடெல் பன்னிரண்டு வாரப் பாடத்தில் ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75. ஒப்படைப்புகளிலும் சிறந்த எட்டுக்குத்தான் கணக்கு. நான்கு வாரம் விட்டாலும் குடி முழுகாது என்பது இதன் பொருள். முதல் வாரங்களில் ஒழுங்காகச் செய்திருந்ததால் தேர்வு நேரத்தில் இரண்டு வாரத்தைக் கவலையின்றி விட்டேன். பாடம் தொடங்குவதற்கு முன்பே பள்ளித் தேர்வு நாட்களை நாட்காட்டியில் குறித்து, எந்த வாரங்களை விடலாம் என்று முடிவு செய்துவிடுங்கள்.

அந்தக் காலாண்டுத் தேர்வில் ஓர் அடியும் வாங்கினேன். ஐந்து மதிப்பெண் கேள்வி, சமன்பாடுகளை அணிக்கோவைகளால் தீர்க்கும் கிராமர் விதிப்படி தீர்க்கச் சொன்னது. நானோ காஸ் நீக்கலில் மூன்றே வரியில் தீர்த்துவிட்டு, கெட்டிக்காரத்தனமாக வந்துவிட்டேன். ஒரு மதிப்பெண். ஆசிரியரிடம் போய், "விடை சரிதானே, ஐயா?" என்றேன். "கேள்வியைப் படித்தாயா, அம்மா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பள்ளிக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். அதில் புத்தகத்தில் உள்ள முறை மட்டும்தான்.

அடுத்த முறை ஐகன் மதிப்புகளைப் பற்றிப் பேசலாம் என்று... இருங்கள். இது மூன்றாவதா, நான்காவதா? அம்மா வரும் சத்தம் கேட்கிறது. போகிறேன்.