கோ-கோ கால்களும் கபடிக் கண்களும்

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

உடற்கல்வி ஆசிரியத் தோழர்களே, பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கோ-கோவில் யாருக்கும் அகப்படவே மாட்டான். துரத்துகிறவர் கை முதுகை நெருங்கும் நொடியில் இடுப்பை வளைத்து நழுவிவிடுவான். குறுவட்டப் போட்டி நேரத்தில் கபடி அணியில் ஓர் ஆள் குறைந்தது. "இவ்வளவு சுறுசுறுப்பு உள்ளவனுக்குக் கபடி என்ன பெரிய விஷயம்" என்று அவனைச் சேர்த்துவிட்டேன். பாடிப் போனான். எதிரணியில் யாராவது கையை நீட்டினாலே பின்வாங்கினான். மூன்று முறை போய் மூன்று முறையும் யாரையும் தொடாமல் திரும்பினான். எல்லோர் முன்னாலும் "பயந்தாங்கொள்ளி" என்று அவனைத் திட்டினேன். அடுத்த நாளிலிருந்து அவன் கோ-கோவுக்கும் வரவில்லை.

அந்தப் பையனுக்குப் பயமே கிடையாது. அது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. கை தெரிந்தால் விலகு என்று கோ-கோ அவன் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. நான் கபடியில் அவனைப் போய்த் தொட்டுவிட்டு வரச் சொன்னேன். கோ-கோவில் ஒரு நேரத்தில் துரத்துகிறவர் ஒருவர்தான். அவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, எடுத்த திசையை விட்டுத் திரும்பக் கூடாது. அந்த ஒருவரைப் படிக்கத்தான் அவன் கண் பழகியிருந்தது. கபடியில் ஏழு பேர், சங்கிலி பிடித்து இரண்டு பக்கமும் மூடுகிறார்கள். கால்கள் தயாராக இருந்தன, கண்கள் தயாராக இல்லை. நான் கால்களை மட்டும் பார்த்து முடிவு செய்தேன்.

திறந்த திறன், மூடிய திறன் என்று நாம் எல்லோரும் தேர்வுக்குப் படித்தோம். 1957-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் பௌல்ட்டன் தொழிற்சாலை வேலைகளைக் கவனித்துச் செய்த பிரிவு அது. பிறகு பார்பரா நாப் அதை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். குண்டு எறிகிறவருக்கு வட்டமும் மாறாது, குண்டின் எடையும் மாறாது, எப்போது எறிவது என்பதும் அவர் கையில். அது மூடிய திறன். கபடியில் பாடிப் போகிறவருக்கு ஒவ்வொரு நொடியும் எதிராளிதான் கேள்வி கேட்கிறார். அது திறந்த திறன். மற்ற ஆட்டங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. கூடைப்பந்து என்ற ஒரே ஆட்டத்துக்குள்ளேயே, யாரும் மறிக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ ஒரு முனையில், எதிராளி மறிக்கும்போது பந்தைக் கடத்துவது மறுமுனையில். அதனால் ஆட்டத்தின் பெயரைப் பிரிக்காதீர்கள், அதற்குள் இருக்கும் செயலைப் பிரியுங்கள். ஒவ்வொரு செயலிலும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார், கண் எதைப் படிக்கிறது, முடிவில் என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை நோட்டுப் புத்தகத்தில் இருந்த அந்தப் பிரிவினை மைதானத்தில் உயிர் பெறுவது இந்தக் கேள்விகளால்தான்.

2004-ல் கலிபோர்னியாவில் ஒரு காட்சி ஆட்டம். ஆல்பர்ட் புஹோல்ஸ் அப்போது அமெரிக்க பேஸ்பால் உலகின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். எதிரே சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச். அவர் போட்ட பந்துகளில் புஹோல்ஸ் ஆட்டமிழந்தார். பேஸ்பாலில் பந்து 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும். சாஃப்ட்பாலில் தூரம் 43 அடி, வேகம் 70 மைலுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் பந்து வந்து சேர ஏறக்குறைய அரை நொடிக்கும் குறைவான அதே நேரம்தான். ஆகவே புஹோல்ஸின் கை மெதுவாகிவிடவில்லை. பேஸ்பாலில் கை தோளுக்கு மேலிருந்து வரும். அந்தத் தோளையும் மணிக்கட்டையும் ஆயிரக்கணக்கான முறை பார்த்து, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அறியப் பழகியவர் அவர். ஃபின்ச்சின் கை இடுப்புக்குக் கீழே சுழன்று வந்தது. அந்த எழுத்தை அவர் கண் படித்ததே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதே மட்டை வீச்சு, அதே நேரம். இருந்தும் திறன் மாறி வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் வுட்வொர்த்தும் 1901-லேயே இதைச் சொன்னார்கள். செவ்வகங்களின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்கள், வேறு வடிவங்களைக் காட்டியபோது பெரிதாக முன்னேறவில்லை. ஒத்த கூறுகள் எந்த அளவு இருக்கிறதோ அந்த அளவே கற்றது அடுத்ததுக்கு மாறும் என்றார்கள்.

நம் மண்ணிலேயே இதைப் பார்க்கலாம். கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்தில் பழகிய பிள்ளைகளை இறகுப்பந்துக்கு அனுப்புகிறோம். கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம், இறகுப்பந்து சுமார் 5 கிராம். தலைக்கு மேல் அடிக்கும் வீச்சும் காலடியும் நன்றாகவே மாறி வரும். ஆனால் இறகுப்பந்து பாய்ந்து வந்து நடுவழியில் வேகம் இழந்து விழும். கம்பளிப் பந்தின் வேகத்துக்குப் பழகிய பிள்ளை முதல் சில நாட்கள் மட்டையை முன்கூட்டியே வீசிவிடும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து "உனக்கு இது வராது" என்று சொல்லிவிடாதீர்கள். பழைய நேரக்கணக்கு கழன்று புதியது ஏற அவகாசம் கொடுங்கள்.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை, கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல். தரையில் பட்டு எழும் விதம் இரண்டுக்கும் முற்றிலும் வேறு. ஆனால் யார்க்கர் மட்டையாளரின் காலடியில் போய் விழும் பந்து, எழும்ப அதற்கு இடமே இல்லை. அதனால்தான் அவருடைய யார்க்கர் சேதமில்லாமல் தோல் பந்துக்கு வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு. எது மாறும், எது மாறாது என்பதை இப்படித் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும்.

சிறு பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1978-ல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு பை ஒன்றை இலக்கை நோக்கி எறிய வைத்தார்கள். ஒரு குழு 3 அடித் தூரத்திலிருந்து மட்டுமே பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியில் ஒருமுறைகூட எறியவில்லை. சோதனை 3 அடியில். இரண்டாவது குழுதான் நன்றாக எறிந்தது! இதைப் படித்த பிறகும் ஆறாம் வகுப்புப் பிள்ளையை ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே பந்தை, ஒரே தூரத்துக்கு நூறு முறை எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனமான பந்து, லேசான பந்து, ஓடிக்கொண்டே எறிவது, நகரும் வளையத்துக்குள் எறிவது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். அன்று மாலை பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து என்ன கூச்சல் என்று கேட்கலாம். பொறுமையாக விளக்குங்கள்.

பல வருடம் கழித்து, வேறொரு பள்ளியில், கோ-கோவிலிருந்து ஒரு பெண் கபடிக்கு வந்தாள். இந்த முறை அவளை நேராக அணியில் சேர்க்கவில்லை. ஒரு சிறு கட்டம் போட்டு, அதில் ஒருத்தியை மட்டும் நிறுத்தி, "பிடிக்க மாட்டாள், நீ தொட்டுவிட்டு வா" என்றேன். இரண்டாம் நாள் அந்த ஒருத்தி பிடிக்கலாம் என்றேன். பிறகு இருவர், கைகோத்த இருவர், மூவர். ஒவ்வொரு முறையும், "நழுவுவது கோ-கோவில் செய்ததுதான், அதை அப்படியே வைத்துக்கொள். தொட்ட பிறகு நழுவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வாரம் நான்கு பேர் சூழ்ந்தார்கள். கணுக்காலுக்கு வந்த கையைக் கண்டு பின்வாங்கினாள். பின்வாங்குகிற அதே அசைவில் காலை நீட்டி ஒருத்தியின் முழங்காலைத் தொட்டுவிட்டு, இடுப்பை வளைத்து, நடுக்கோட்டைத் தாண்டி வந்து நின்றாள்.