எழுதாமல் விட்ட பக்கங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த இரவு நேரத்திலும் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதற்காகக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நூலைச் செம்மைப்படுத்துவதில் மனநிறைவு மிகுதியாகக் கிடைப்பது தொழிலாகச் செய்யும்போதா, உறவுக்கும் நட்புக்கும் செய்யும்போதா? இதுதான் தலைப்பு. உறவுக்கும் நட்புக்கும் செய்யும்போதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். சொந்தக்காரர் எழுதியதைக் குறை சொல்ல நாக்கு எழாது, தாட்சண்யம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும், கூலி வாங்குகிறவன்தான் தயங்காமல் வெட்டுவான் என்றார். சாட்சிக்கு அமெரிக்காவிலிருந்து மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸை அழைத்து வந்தார்.

நடுவர் அவர்களே, அவர் எங்கள் பக்கத்துச் சாட்சி. நியூயார்க்கில் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் நூல்களைச் செம்மைப்படுத்தும் எடிட்டராகச் சம்பளத்துக்கு இருந்தவர்தான் பெர்க்கின்ஸ், மறுக்கவில்லை. தாமஸ் வுல்ஃப் மலைபோல் எழுதிக் குவித்த கைப்பிரதியை அவரோடு உட்கார்ந்து குறைத்துக் குறைத்து நாவலாக்கினார். 1935-இல் வந்த அந்த நாவலை வுல்ஃப் அவருக்கே காணிக்கையாக்கினார். பிறகு இருவருக்கும் மனஸ்தாபம். வுல்ஃப் வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டார். ஆனால் 1938-இல் வுல்ஃப் இறந்தபோது, அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யார் கையில் இருந்தது? அதே பெர்க்கின்ஸ் கையில். சம்பளக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் இந்த வேலையை?

தாட்சண்யம் என்றார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. கவிஞர் எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற நெடுங்கவிதை 1922-இல் வெளிவந்தது. அதன் பிரதியை வாங்கிப் படித்த நண்பர் எஸ்ரா பவுண்டு, ஏறக்குறைய பாதியை வெட்டினார். பைசா வாங்கவில்லை. எலியட்டின் மனைவி விவியன் பிடித்த இடத்தில் ஓரத்திலேயே பாராட்டி எழுதினார், சில இடங்களில் வரியே எடுத்துக் கொடுத்தார். அந்தத் திருத்தங்களோடு கைப்பிரதி 1971-இல் அச்சாகியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பக்கம் நண்பர், ஒரு பக்கம் மனைவி. இருவர் பேனாவும் எங்கேயும் கூசி நிற்கவில்லை. நம் மேல் அக்கறை உள்ளவர் சொல்கிற கசப்பைத்தான் நாம் நம்பி விழுங்குகிறோம்.

இனி என் அனுபவம். என் பெரியப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர்கேஜ் காலத்தில் தென்மாவட்டத்துச் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வேலை பார்த்ததையெல்லாம் குயர் நோட்டுகளில் எழுதிவைத்திருந்தார். "பார்த்துக் கொடுப்பா" என்று என்னிடம் தந்தார். ஒற்றுப் பிழை, ஒருமை பன்மைக் குழப்பம், ஒரே சம்பவம் இரண்டு இடத்தில் வருவது, இதையெல்லாம் யாரும் திருத்திவிடலாம். அதில் பெரிய பெருமை இல்லை.

ஓரிடத்தில் "டோக்கன் கொடுத்து வண்டியை அனுப்பினேன்" என்று எழுதியிருந்தார். "உங்கள் பேத்தி டோக்கன் என்றால் பேங்க் டோக்கன் என்று நினைப்பாளே பெரியப்பா" என்றேன். அப்புறம்தான் வந்தது முழுக்கதை. ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் மெஷினிலிருந்து டோக்கன் என்கிற இரும்பு உருண்டை வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். நிற்காத வண்டியென்றால், டிரைவர் கையை வெளியே விட்டு அந்த வளையத்தை ஓட்டத்திலேயே வாங்கிக்கொள்வார். உருண்டை கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அந்தப் பாதையில் இறங்கக் கூடாது. இத்தனையும் அவருக்குச் சுவாசம் மாதிரி. அதனால்தான் எழுதத் தோன்றவில்லை.

இன்னோர் இடத்தில் ஒரே வரி. "அந்த வருஷம் தங்கை காலமானாள்." அடுத்த வரியில் பதவி உயர்வு. வெளியாள் ஒருவர் கையில் இந்த நோட்டு போயிருந்தால் என்ன செய்திருப்பார்? வரியில் பிழை இல்லை, தாண்டிப் போயிருப்பார். அது அவர் குற்றமில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அந்த அத்தையின் பேச்சு எடுத்தால் பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் என்று. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு மட்டும் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. சில நாள் கழித்துத் தனித்தாளில் எழுதி வந்தது. தந்தி வந்த இரவு அவருக்கு டூட்டி. ரிலீவர் வரவில்லை. ஸ்டேஷனைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. விடியும்வரை வண்டிகளுக்கு வளையத்தை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். புத்தகத்திலேயே அதுதான் ஆகச் சிறந்த அத்தியாயம். அதில் நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

எழுதியிருப்பதைத் திருத்த எல்லோராலும் முடியும், ஐயா. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க, எழுதியவரோடு வாழ்ந்திருக்க வேண்டும். நான் சொல்கிற நிறைவு அதில்தான் இருக்கிறது.

நட்புக்கும் இதே கதைதான். என் தோழி ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாவல் எழுதினார். முதலில் திருத்திக் கொடுத்த ஒருவர், பாட்டி பேசுகிற "வந்தாக, போனாக" எல்லாவற்றையும் "வந்தார்கள், போனார்கள்" ஆக்கிவிட்டார். இலக்கணப்படி சரி. ஆனால் பாட்டி செத்துப்போனாள். அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். பாட்டி "வந்தாக" என்பார், கல்லூரிக்குப் போன பேரன் "வந்தாங்க" என்பான் என்பது என் காதிலேயே இருக்கிறது. இரண்டையும் பழையபடி அவரவர் வாயில் வைத்தோம். நாவல் எழுந்து உட்கார்ந்தது.

கடைசியாக, இந்தப் புத்தகங்களை யார் வாங்கப் போகிறார்கள் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். பெரியப்பாவின் சதாபிஷேகத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொன்று கொடுத்தோம். விலைக்குப் போகவில்லை, உண்மை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு போன் ஓயவில்லை. "அந்த வெள்ளத்தப்ப நானும் அதே ஸ்டேஷன்லதான் இருந்தேன்" என்று ஒருவர். "என் அப்பா பேரு நாப்பதாம் பக்கத்துல இருக்கு" என்று அழுதுகொண்டே ஒரு பெண். புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கையில் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இன்னொரு விளைவும் உண்டு. பெரியம்மா ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார். "உங்க பெரியப்பா வண்டியப் பத்தித்தான் எழுதினாரு. அந்தக் குவார்ட்டர்ஸ்ல நான் குடும்பம் நடத்தினத யாரு எழுதறது? நான் எழுதறேன், நீ பார்த்துக் குடு" என்கிறார். முதல் பத்துப் பக்கம் என் பையில் இருக்கிறது, நடுவர் அவர்களே. இன்று ராத்திரியே படிக்கப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.