கவுண்டி மியூசியத்தை சரி பண்ணணுமா? முதல்ல ஸ்டோர் ரூம் கதவைத் திறங்க

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல நிறைய கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு குட்டி ஹிஸ்டரி மியூசியம் இருக்கும், பழைய ஜெயில்லயோ ரயில்வே டிப்போலயோ, அந்த ஊர் ஹிஸ்டாரிகல் சொசைட்டி வாலண்டியர்ஸ வச்சு ஓட்டிட்டு இருக்கும். 1976ல நாட்டோட 200வது வருஷம் வந்தப்போ இந்த மாதிரி இடங்கள் நிறைய முளைச்சது. உள்ள போனா மூணு தையல் மிஷின், நாலு டைப்ரைட்டர், ஒரு கல்யாண கவுன், யாரோட கவுன்னு கேட்டா பதில் இருக்காது.

இப்போ கைக்கு கொஞ்சம் பணம் வந்துச்சுன்னு வைங்க, போர்டுல எல்லாரும் முதல்ல கேக்கறது டச் ஸ்கிரீன். ப்ளீஸ் வேணாம், ரெண்டு வருஷத்துல ரிப்பேராகி அதுவும் ஒரு பழம்பொருளா நிக்கும் :)

[திரையில்: அட்டைப்பெட்டிகள் நிறைஞ்ச ஒரு ரூம்]

பிரச்சினை இங்க இருக்கு. உலகம் முழுக்க ஸ்டோரேஜ்ல கிடக்கிற மியூசியம் பொருள்கள்ல சுமார் 60 சதவீதம் ஆபத்துல இருக்குன்னு பண்பாட்டுச் சொத்துகளப் பாதுகாக்கிற இக்ரோம்கிற சர்வதேச அமைப்பும் யுனெஸ்கோவும் 2011ல எடுத்த சர்வே சொல்லுச்சு, அதுக்காகவே சின்ன மியூசியங்களுக்கு ரீ-ஆர்க்னு ஸ்டோர் ரூம ஒழுங்குபடுத்துற ஒரு முறை வச்சிருக்காங்க. குறைஞ்சபட்சம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ, எந்த ஷெல்ஃப்ல இருக்குன்னு ஒரு பதிவு. போர் அடிக்கிற வேலைதான், ஆனா இத முடிச்சாதான் நம்மகிட்ட என்ன இருக்குன்னே தெரியும்.

அடுத்து பேப்பர். யாரோ வாசல்ல வச்சுட்டுப் போன பெட்டிக்கு டீட் ஆஃப் கிஃப்ட், அதாவது குடுத்தவர் கையெழுத்துப் போட்ட நன்கொடைப் பத்திரம், இல்லேன்னா அது மியூசியத்துக்கு சொந்தமான்னே சந்தேகம், அப்புறம் விக்கவும் முடியாது தூக்கிப் போடவும் முடியாது, நிறைய ஸ்டேட்ல இதுக்குன்னே தனி சட்டம் இருக்கு, அதப் பாத்துட்டு செய்ங்க. இன்னொண்ணு, மியூசியம் பொருள வித்து வர்ற பணத்த சம்பளத்துக்கோ கரண்ட் பில்லுக்கோ எடுக்கக் கூடாது, புதுப் பொருள் வாங்க இல்ல இருக்கிறத நேரடியா பராமரிக்க மட்டும்தான், இது அமெரிக்கன் அலயன்ஸ் ஆஃப் மியூசியம்ஸோட நெறிமுறை.

அலமாரியில பழங்குடி மக்களோட பொருள் இருந்தா இன்னும் கவனம். அவங்க எச்சங்களையும் பொருள்களையும் திருப்பிக் குடுக்கறது பத்தின நாக்ப்ராங்கிற 1990 சட்டத்தோட புது விதிகள் 2024 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, ஃபெடரல் பணம் வாங்குற மியூசியம்னா முன்னோரோட எச்சங்கள், புனிதப் பொருள் இதெல்லாம் காட்சிக்கு வைக்கறதுக்கு முன்னாடியே வாரிசுகளோட இல்லேன்னா அந்த ட்ரைபோட சம்மதம் வேணும்.

சரி முன்னாடி ஹாலுக்கு வருவோம். நியூயார்க்ல டெனமென்ட் மியூசியம், 1988ல ஆரம்பிச்சது, 97 ஆர்ச்சர்ட் தெருவுல 1863ல கட்டின ஒரு வாடகைக் கட்டடம், அங்க குடியிருந்த குடும்பங்களோட வாழ்க்கைய வச்சே ஊர் கதைய சொல்றாங்க. நம்ம கவுண்டிக்கும் அப்படி ஒரு கேள்வி எடுங்க, இந்த மில் ஏன் வந்துச்சு, ஏன் மூடுச்சு. அதுக்கு பதில் சொல்ற பொருள மட்டும் வெளிய வைங்க, மிச்சம் உள்ள இருக்கட்டும். அந்த கவுனையும் வருஷக்கணக்கா வெளிச்சத்துல தொங்க விடாதீங்க, துணிக்கு 50 லக்ஸே (வெளிச்சத்த அளக்கிற அலகு) போதும்.

நிறைய இடத்துல வரலாறு 1950ஓட நின்னு போகுது, எனக்கு இதுதான் கடுப்பு. மில்லுல வேலை பாத்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்களே! ஒரு ஸ்கேன் டே வைங்க, போட்டோ கொண்டு வரட்டும், ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினல அவங்ககிட்டயே குடுத்துடுங்க, ஷெல்ஃப்ல இடமும் போகாது. படத்துல யாரு, எந்த வருஷம், வெளிய காட்டலாமான்னு அன்னைக்கே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, அப்புறம் ஆளத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.