மனநலத்துக்காக மூன்று மாத லீவு: எப்படிக் கேட்பது?

சரி, அடுத்த கேள்வி. பெயர் சொல்ல வேண்டாம் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனி, நாலரை வருட சர்வீஸ். சில மாதங்களாகத் தூக்கமில்லை, காலையில் லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார், மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார். "மேனேஜரிடம் எப்படிச் சொல்வது, மென்டல் என்று முத்திரை குத்திவிடுவார்களோ, பேசாமல் பேப்பர் போட்டுவிடலாமா, லீவு முடிந்து போனால் டீமில் என்ன சொல்வது?" இதுதான் கேள்வி.

பேப்பர் போடாதீர்கள். வேலை பிடிக்கவில்லை என்றால் குணமான பிறகு தாராளமாகப் போடுங்கள், இப்போது வேண்டாம். ஏனென்றால், வேலையை விட்ட அன்றைக்கே கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும், சிகிச்சை நடக்கிற நேரத்தில் தனியாக பாலிசி எடுக்கப் போனால் ஏற்கெனவே இருக்கிற நோய் என்று காத்திருப்புக் காலம் வைப்பார்கள். இன்னொன்று கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய பணிக்கொடை. உங்களுக்கு ஐந்து வருடம் நிறைய இன்னும் ஆறு மாதம்தான், அனுமதி வாங்கி எடுத்த லீவால் சர்வீஸ் அறுந்து போகாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தனியார் கம்பெனி மனநலத்துக்காக மூன்று மாதம் லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் வருடத்துக்கு 12 நாள் உடல்நல விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஒரு வருடம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, அவ்வளவுதான். அதற்கு மேல் கம்பெனி பாலிசி. எனவே முதலில் உங்கள் கம்பெனியின் லீவு பாலிசியைத் திறந்து, சேர்ந்திருக்கிற லீவு எத்தனை, எல்.ஓ.பி., அதாவது சம்பளமில்லாத லீவு, எத்தனை நாள் வரை தருவார்கள், அந்த நாட்களில் காப்பீடு தொடருமா என்று பாருங்கள். இ.எம்.ஐ. இருக்கிறதா, அதையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள், லீவில் படுத்துக்கொண்டு அதை நினைத்துக் கவலைப்பட்டால் ஓய்வு எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

இதைக் கேட்கிறவர்களில் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிற சம்பளத்தில், அதாவது மாதம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் நல்ல செய்தி. சந்தா கட்டிய நாட்கள் போதுமானதாக இருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுக்கிற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சைக்கோசிஸ் மாதிரி கடுமையான மனநோய் என்றால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரைகூடப் போகும். இது தெரியாமலேயே வேலையை விட்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது டாக்டர் கடிதம். கவுன்சலர் கடிதத்தைப் பல ஹெச்.ஆர். ஏற்க மாட்டார்கள், மனநல மருத்துவரிடமே வாங்குங்கள். அதில் நோயின் பெயர் வேண்டாம், "என் சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஓய்வு தேவை" என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் நோய் விவரம் ரகசியம், நீங்கள் சம்மதிக்காமல் டாக்டர் கம்பெனிக்குச் சொல்லக் கூடாது. லெட்டர்ஹெட்டில் மனநல மருத்துவர் என்று இருக்குமே என்பீர்கள், இருக்கும்தான். அதனால்தான் கடிதத்தை மேனேஜருக்கு அனுப்பாமல் ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறேன். அதற்குப் பயந்து தெருமுனை கிளினிக்கில் டைபாய்டு என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஓடும், நீட்டிப்புக் கேட்கும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்பார்கள், அப்புறம் உண்மையான நோயும் பொய்யாகிவிடும்.

மேனேஜரிடம் முதலில் வாய்வார்த்தையாக, பத்து நிமிஷம். "உடல்நிலை சரியில்லை, சிகிச்சையில் இருக்கிறேன், டாக்டர் மூன்று மாதம் ஓய்வு சொல்லியிருக்கிறார், என் வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம்?" இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. நம் ஆட்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், நம்ப வைக்க வேண்டும் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள், மறுநாள் அது டீ பிரேக்கில் சுற்றும். மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகவே கீழ்ப்பாக்கம் என்று ஊர்ப் பேரைச் சொல்லியே கிண்டல் அடித்துப் பழகிய ஊர் இது, எல்லா மேனேஜரும் மோசமில்லை என்றாலும் உங்கள் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும். "யோகா பண்ணும்மா, நாலு நாள் ஊருக்குப் போய்ட்டு வா, சரியாகிடும்" என்று அவர் சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். இந்த மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரம் ஆகும், நாலு நாள் எந்த மூலைக்கு? "டாக்டர் சொன்னபடிதான் சார் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்றைக்கே மெயிலும் போட்டுவிடுங்கள். தேதி, யாரிடம் வேலை ஒப்படைக்கிறீர்கள், எந்த நாளில் டாக்டரை மறுபடி பார்த்துவிட்டு நிலைமையைச் சொல்வீர்கள், இவ்வளவு போதும். வேலைப்பளு, அப்ரைசல், டீம் லீட் மேல் இருக்கிற கோபம் எல்லாம் அந்த மெயிலில் வேண்டாம், புகார் இருந்தால் அது வேறு மெயில். மூன்று மாதம் என்றால் பயப்படுகிறார்களா, முதலில் ஆறு வாரம், அப்புறம் டாக்டர் சொன்னால் நீட்டிப்பு என்று கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, அனுமதி எழுத்தில் வருவதற்கு முன்பே ஆபீஸ் போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் ஹெச்.ஆரில் இருந்தபோது பார்த்தது, போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள், சிஸ்டத்தில் அப்ஸ்காண்டிங், அதாவது சொல்லாமல் காணாமல் போனவர் என்று ஏறிவிடும், ரிலீவிங் லெட்டருக்கு அலைய வேண்டி வரும். ஆபீஸ் போகவே முடியாத நிலை என்றால் அனுமதி வரும் வரை இருக்கிற உடல்நல விடுப்பைப் போடுங்கள், உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரை விட்டாவது மெயில் போடச் சொல்லுங்கள்.

லீவில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிடுங்கள். ராத்திரியில் மனசு ரொம்ப மோசமானால், வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, டீமில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது பரவாயில்லை." என்ன உடம்புக்கு என்று இரண்டாவது கேள்வி கேட்கிறவர் எப்படியும் ஒருத்தர் இருப்பார். அவரிடம் இந்த ஸ்பிரின்ட்டில் என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள்.